புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த முதல் சில வாரங்கள்: பேச ஆள் தேவை

வணக்கம். புராஸ்டேட் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட ஆண்களோடு பேசும் தன்னார்வலர்கள் நாங்கள். இதைக் கடந்து வந்த ஐயாக்கள், அண்ணன்மார், அவர்கள் வீட்டம்மாக்கள் யாராவது புதியவர்களிடம் அரை மணி நேரம் போனில் பேச முன்வருவீர்களா?

பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிசல்ட்டுக்கும் சிகிச்சை முடிவாவதற்கும் இடைப்பட்ட நாட்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தாளில் கிளீசன் (புற்றுநோயின் தீவிரத்தைச் சொல்லும் மதிப்பெண்) 6 என்று பார்த்ததும், பத்துக்கு ஆறாச்சே என்று தூக்கம் போய்விடுகிறது. இப்போது பயாப்சியில் தரப்படும் மதிப்பெண்களில் 6தான் ஆகக் குறைவு. 6 வந்தவர்களில் பலருக்கு உடனே ஆபரேஷன் தேவையில்லை, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். ஆனால் "சும்மா இருக்கச் சொல்றாங்களே" என்ற பதற்றம் அதிலும் உண்டு, ஒவ்வொரு பி.எஸ்.ஏ.வுக்கு முன்பும் அது ஏறும். சோதனைக்கு முந்தைய 2 நாள் சைக்கிளும் உடலுறவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எண் வீணாகக் கூடிப் பயமுறுத்தும்.

ஹார்மோன் ஊசி போடுகிறவர் சோர்ந்தால் 'மனசு விட்டுட்டார்' என்கிறார்கள் வீட்டில். அந்த ஊசியால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவதாலேயே எரிச்சல், அழுகை, திடீர் உடல்சூடு, தூக்கமின்மை வரலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய பக்கவிளைவு அது. மனச்சோர்வு 2 வாரம் தாண்டினால் தள்ளிப்போடக் கூடாது. நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.

எங்களுக்கு முக்கியமாக வேண்டியது இன்னொன்று: சிகிச்சைக்குப் பிறகு வரக்கூடிய சிறுநீர்க் கசிவு, விறைப்பின்மை பற்றி மனைவியிடம் எந்த வார்த்தையில் பேச்சைத் தொடங்கினீர்கள்? பலர் அங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள். பெயர் வேண்டாம், இன்பாக்ஸில் எழுதினால் போதும்.