சீரமைக்கப்பட்ட பழைய பகுதியில் ஒரு தனிக் காபிக் கடை: முதன்முறை போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி – வழிப்போக்கன்

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கிடங்குகளும் பட்டறைகளும் இருந்த ஒரு பகுதி சீரமைக்கப்பட்டு, இப்போது மாலையிலும் ஆள்நடமாட்டம் உள்ள இடமாகியிருக்கிறது. எந்தத் தொடர்நிறுவனத்தையும் சாராமல் உரிமையாளரே நின்று நடத்தும் காபிக் கடை ஒன்று அங்கே இருக்கிறது. அங்கே போக விரும்புகிறேன். ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள். பலகையில் எழுதியிருக்கும் தோட்டத்தின் பெயர், பதப்படுத்திய முறை, மலையின் உயரம் எல்லாம் எனக்குப் புரிவதில்லை. செங்கல் சுவரையும் மஞ்சள் விளக்கையும் தாண்டிக் காபி உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? அடுத்தது, இத்தகைய கடைக்குப் போகிறவர்கள் அங்கே வாழ்ந்தவர்களை வெளியேற்றுவதற்குத் துணைபோகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது நியாயமான குற்றச்சாட்டுதானா?

பதில் – வறுவல் வாசனை

வறுக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் முதல் ஐயத்துக்கு மட்டும் சொல்கிறேன். உள்ளே போனதும் விற்பனைக்கு வைத்திருக்கும் கொட்டைப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். வறுத்த தேதி அச்சிடப்பட்டிருந்தால் அது நல்ல அறிகுறி. காலாவதித் தேதி மட்டும் இருந்தால் சற்று யோசிக்கலாம். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு பல நாட்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் வறுத்த அன்றே வடித்தால் சுவை நிதானப்படாது. மாதக்கணக்கில் கிடந்தாலோ மணம் போய்விடும். அரைத்த தூள் இன்னும் வேகமாக மணத்தை இழப்பதால், கேட்ட பிறகே அரைக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

பலகையில் உள்ள சொற்கள் மிரட்டுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. ‘வாஷ்டு’ என்றால் பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கழுவி உலர்த்திய கொட்டை. சுவை தெளிவாக, சற்றே புளிப்போடு இருக்கும். ‘நேச்சுரல்’ என்றால் பழத்தோடு சேர்த்தே உலர்த்தியது. பழவாசனை தூக்கலாக இருக்கும். உயரமான மலைச்சரிவில் குளிர்ச்சியால் பழம் மெதுவாகப் பழுப்பதால் கொட்டை அடர்த்தியாகிறது, அதனால்தான் உயரத்தையும் குறிப்பிடுகிறார்கள். ‘ஸ்பெஷாலிட்டி’ என்ற சொல், சுவைத் தேர்வர்கள் 100-க்கு 80 புள்ளியோ அதற்கு மேலோ வழங்கிய கொட்டையைக் குறிப்பது வழக்கம். ஆனால் அந்தப் புள்ளி கொட்டைக்கு உரியது, வடிப்பவரின் கைக்கு உரியதல்ல.

எஸ்பிரெசோவுக்கு, அதாவது இயந்திர அழுத்தத்தில் இறக்கும் அடர்த்தியான காபிக்கு, பொதுவான கணக்கு, சுமார் 18 கிராம் தூளிலிருந்து 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் அளவில் இறக்குவது. தராசு வைத்து எடைபார்க்கிறவரைக் கண்டால் நம்பிக்கையோடு உட்காரலாம். கையால் ஊற்றி வடிக்கும் காபிக்கு லிட்டருக்கு 60 கிராம் தூளும் 90 டிகிரிக்கு மேல் சூடான நீரும் வேண்டும்; மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும் என்பதால், கூட்ட நேரத்தில் அதைக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எதுவும் விளங்காவிட்டால், “இன்று எது நன்றாக வந்திருக்கிறது?” என்று கேட்டுவிடுங்கள். அக்கறையுள்ளவர் அதற்கு உற்சாகமாகப் பதில் சொல்வார். சுவரைப் பற்றிய உங்கள் சந்தேகம் சரிதான். சுவருக்கும் காபிக்கும் தொடர்பே இல்லை.

பதில் – ஆறிய கோப்பை

ஒன்றைச் சேர்க்கிறேன். பால் சேர்த்துக் குடிப்பவரை இளக்காரமாகப் பார்க்கும் கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாலை 60 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் அதன் இனிப்பு நன்கு தெரியும். 70-ஐத் தாண்டினால் காய்ந்த வாடை வந்துவிடும். அந்த வேறுபாட்டை அறிந்தவர் பாலை மட்டமாக நினைக்க மாட்டார்.

பதில் – நிலவரைபடம்

இரண்டாவது ஐயத்துக்கு ஒரு சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. உழைக்கும் மக்களின் குடியிருப்புகளுக்குள் வசதியுள்ளவர்கள் புகுந்து அந்த இடத்தின் தன்மையையே மாற்றிவிடுவதை, லண்டனைக் கண்டு 1964-இல் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயரிட்டவர் சமூகவியலாளர் ரூத் கிளாஸ். ஆனால் வாடகையை நிர்ணயிப்பவர் காபி வடிப்பவர் அல்லர். அவர் அங்கே வந்ததே பழைய கட்டடத்தில் வாடகை குறைவு என்பதால்தான். புதிய தொழில்களுக்குப் பழைய கட்டடங்கள் தேவை என்று, நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே வாதிட்டதும் இந்தக் காரணத்துக்காகத்தான். கடையால் கூட்டம் வரும், கூட்டத்தைக் கண்டு கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றுவார், குத்தகை முடியும்போது முதலில் தள்ளாடுவது பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பழைய குடித்தனக்காரர்களும் சிறு கடைக்காரர்களும்தான். சில வேளைகளில் அந்தக் காபிக் கடையே அந்த வரிசையில் சேர்ந்துவிடும்.

ஆகவே குடிப்பதா வேண்டாமா என்பதைவிட, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் அப்பால் மக்கள் கூடும் பொது இடத்தை ‘மூன்றாம் இடம்’ என்று 1980-களில் விளக்கிய சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க், அது எல்லோருக்கும் திறந்திருப்பதையும் அங்கே பேச்சு நடப்பதையும் முக்கிய அடையாளங்களாகக் கருதினார். பலகையின் ஒரு மூலையிலாவது எளிய விலையில் சாதாரணக் காபி இருக்கிறதா, அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர் யாராவது அங்கே வேலை செய்கிறாரா, பக்கத்துப் பட்டறைக்காரர் தயங்காமல் உள்ளே வருகிறாரா என்பவை எனக்குக் கடையின் அலங்காரத்தைவிட அதிகம் சொல்லும்.

வழிப்போக்கன்

மிக்க நன்றி. ஒரு சிறு கேள்வி: மடிக்கணினியோடு ஒரு கோப்பைக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம்?

வறுவல் வாசனை

கடையில் உள்ள நாற்காலிகளை எண்ணுங்கள். பத்துக்கும் குறைவு என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள், அல்லது இன்னொரு கோப்பை வாங்குங்கள். யாராவது இடம் தேடி நின்றால் அந்த ஒரு மணி நேரக் கணக்கும் வேண்டாம், எழுந்து இடம் கொடுங்கள். முடிந்தால் காலைக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். பலகையைப் பற்றி விசாரிக்கவும் அதுதான் ஏற்ற நேரம்.