யுனிக்லோவும் ஒரு சின்ன ஊர் துணிக்கடைதானாமே, எப்படி இவ்ளோ வளந்தாங்க?

மார்க்கெட்ஸ்ட்ரீட்_பையன்
வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவுல பினாங்கு லிட்டில் இந்தியாவுல எங்களுக்கு துணிக்கடை, தாத்தா காலத்துது, இப்ப அப்பா பாக்கிறாரு, நான் மூணு வருஷமா கூட நிக்கிறேன். தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மாசம் நல்லா ஓடும், மத்த மாசம் வாடகைக்கே இழுபறி. போன வாரம் மாலுக்குப் போயிருந்தேன், யுனிக்லோன்னு அந்த ஜப்பான் ரெடிமேட் துணிக்கடையில பாத்தா நம்ம கடைக்கு வர்ற ஆளுங்கதான், எங்க பக்கத்து வீட்டு ஆண்ட்டி கூட கூடை நிறைய பனியன் எடுத்துட்டு நிக்கிறாங்க. மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா அதுவும் அப்பா-பிள்ளை கடைதானாம், ஜப்பான்ல யமகுச்சி பக்கம் ஊபேன்னு ஒரு ஊரு, அங்க 1949ல ஆம்பளைங்களுக்கு கோட்டு சூட்டு விக்க ஆரம்பிச்சாங்களாம். அதுல இருந்து எப்படி இங்க வந்தாங்க? அப்பாகிட்ட கேட்டா "அவன்கிட்ட காசு இருக்கு"ன்னு முடிச்சிடறாரு. காசு மட்டும்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செந்தூல்_அக்கா
தம்பி, ஆரம்பத்துல காசு எங்க இருந்துச்சு அவங்ககிட்ட. ஊபே நிலக்கரி ஊரு, சுரங்கம் படுத்ததும் ஊரே படுத்துடுச்சு. மகன் தடாஷி யனாய் முதல்ல ஜஸ்கோங்கிற சூப்பர்மார்க்கெட் கம்பெனியில வேலை பாத்தாரு, ஆமா நம்ம ஊர்ல 2012 வரைக்கும் ஜஸ்கோன்னு போர்டு இருந்துச்சே அதே கம்பெனிதான், ஒரு வருஷம் கூட நிக்கல, 1972ல அப்பா கடைக்கே வந்துட்டாரு. வந்த உடனே அதை மாத்து இதை மாத்துன்னு நெருக்கினதுல இருந்த ஏழு ஆளுல ஆறு பேரு கெளம்பிட்டாங்க. மிச்சம் ஒரே ஆளு, கூட்டுறதுல இருந்து கணக்கு வரைக்கும் யனாய்தான். அந்த நிலைமையில அப்பாக்காரரு என்ன செஞ்சாருன்னா பேங்க் புத்தகத்தையும், அங்க கையெழுத்துக்குப் பதிலா குத்துற முத்திரையையும் மகன் கையில குடுத்துட்டாரு. அப்ப யனாய்க்கு வயசு இருபத்தஞ்சு இருக்கும். எனக்கு இந்தக் கதையில பெருசா தெரியறது இதுதான், கடை சரிஞ்சுகிட்டு இருக்கும்போது ஒரு அப்பா அப்படி நம்பிக் குடுத்தது. உங்க அப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டு.

அப்புறம் 1984ல ஹிரோஷிமாவுல முதல் யுனிக்லோ, காலையில ஆறு மணிக்கே கடையத் தொறந்தாங்க, பள்ளிக்கூடம் வேலைன்னு போறவங்க போற வழியில வாங்கட்டும்னு.

கிள்ளான்_மெர்ச்சண்டைசர்
நான் துணி லைன்ல பதினெட்டு வருஷம், முன்னாடி பத்து பஹாட்ல ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில இருந்தேன். அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. முதல்ல அவங்களும் நம்மள மாதிரி அடுத்தவன் பிராண்டை வாங்கி வித்தவங்கதான். யனாய் ஹாங்காங் போனப்ப ஜியோர்டானோவைப் பாக்கிறாரு, அவங்களே டிசைன் பண்ணி, ஃபேக்டரியில தைக்கக் குடுத்து, சொந்தக் கடையில விக்கிறாங்க, நடுவுல ஏஜெண்ட் கிடையாது. அதை எடுத்துக்கிட்டாரு. இதுல ஒரு ஆபத்து இருக்கு, விக்கலைன்னா திருப்பி அனுப்ப ஆள் இல்ல, மொத்தமும் உன் தலையில. அதனால டிசைனைக் குறைச்சு ஒவ்வொண்ணையும் மலை மாதிரி போடுவாங்க. ஒரே மாடல்ல லட்சக்கணக்குல ஆர்டர் போட்டா துணி விலை இறங்கும், ஃபேக்டரியும் தன்னோட நல்ல லைனை உனக்கு ஒதுக்கும், ஜப்பான்ல இருந்து வயசான கைதேர்ந்த ஆளுங்களை ஃபேக்டரிக்கே அனுப்பி சாயம் தையல் எல்லாம் நின்னு பாக்க வைப்பாங்க.

1998ல தோக்கியோ ஹாராஜுக்குல கடை போட்டு ஃப்ளீஸ் ஜாக்கெட்டை, அதாவது கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்கிற குளிர் ஜாக்கெட்டை, 1,900 யென்னுக்கு வித்தாங்க. அந்த வருஷம் 20 லட்சம், அடுத்த வருஷம் 85 லட்சம், 2000ல 2 கோடியே 60 லட்சம் பீஸ்! ஒரே ஐட்டம்! அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் விற்பனை நல்லா அடி வாங்குச்சு, ஊரே அதைப் போட்டா மவுசு போயிடும் இல்லையா. அங்கதான் தோரேங்கிற ஜப்பான் நூலிழை கம்பெனியோட சேந்து துணியிலயே இறங்கினாங்க, குளிருக்கு உள்ள போடுற ஹீட்டெக், பின்னாடி வெயிலுக்கு மெல்லிசான ஏரிசம். நம்ம ஆளுங்க இந்த வெயில்ல வாங்குறது ஏரிசம்தான்.

புக்கிட்பிந்தாங்_வாசி
2010 நவம்பர்ல கோலாலம்பூர் ஃபாரன்ஹைட் 88 மால்ல மலேசியாவோட முதல் யுனிக்லோ கடை தொறந்தப்ப நான் பக்கத்து பில்டிங்ல வேலை, குளிரே இல்லாத ஊர்ல இவங்ககிட்ட யாரு வாங்குவான்னு பேசிக்கிட்டோம், இன்னிக்கு எல்லா மால்லயும் இருக்காங்க. ஆனா தம்பி, ஜெயிச்சதை மட்டும் பாத்துட்டு இறங்கிடாத. 2001ல லண்டன் போனாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள இருபது கடைக்கு மேல தொறந்து முக்காவாசியை மூடினாங்க. 2002ல காய்கறி வியாபாரம் கூட செஞ்சு பாத்தாங்க, 2004ல இழுத்து மூடியாச்சு. சரிவரலைன்னா சீக்கிரம் மூடுற தைரியம் இருக்கே, அது நம்ம கடைக்காரங்ககிட்ட ரொம்பக் கம்மி, பத்து வருஷத்துக்கு முந்தி வந்த சுடிதார் இன்னும் மேல்தட்டுல தூங்கும். பனியன்ல அவங்களோட விலைக்கு நிக்காத, முடியாது. 2024 ஆகஸ்டோட முடிஞ்ச கணக்கு வருஷத்துல 3 லட்சம் கோடி யென்னைத் தாண்டி வித்தது அவங்க தாய்க் கம்பெனி ஃபாஸ்ட் ரீடெய்லிங். ஆனா பிளவுஸ் அளவெடுத்து தைக்க அவங்ககிட்ட ஆள் இல்ல, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு காவடி தூக்கிறவனுக்கு மஞ்சள் வேட்டி அவங்ககிட்ட கிடைக்காது.

மார்க்கெட்ஸ்ட்ரீட்_பையன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, பேங்க் புத்தகம் விஷயத்தை நேத்து ராத்திரி அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல, சாப்பிட்டுப் போய் படுத்துட்டாரு. இன்னிக்கு காலையில கடைக்கு வந்ததும் ஸ்டாக் நோட்டை எடுத்து என் முன்னாடி வச்சாரு. எண்ணிப் பாத்தேன். வெள்ளை சட்டையில 42 சைஸ் ரெண்டே ரெண்டு, வர்ற ஆம்பளைங்க பாதி பேரு கேக்கிறது அதைத்தான், 38 சைஸ் ஒரு அலமாரி நிறைய கிடக்கு, ஏன்னா சப்ளையர் எல்லா சைஸும் கலந்து செட்டா குடுக்கிறாரு நாங்களும் செட்டாவே எடுக்கிறோம். இத்தனை வருஷமா எத்தனை பேரை சைஸ் இல்லன்னு திருப்பி அனுப்பியிருப்போம். கிள்ளான் அண்ணே, நம்ம அளவு கடைக்கு எத்தனை பீஸ்ல இருந்து தனியா தைக்கக் குடுக்கலாம்?

கிள்ளான்_மெர்ச்சண்டைசர்
பெரிய ஃபேக்டரி உன்கிட்ட பேசாது, சின்ன தையல் யூனிட்டா பாரு. ஒரே துணி ஒரே வெள்ளை, சைஸை மட்டும் நீ சொல்ற கணக்குல பிரிச்சுக் குடுக்கச் சொல்லு, நூறு பீஸ்ல பேச்சை ஆரம்பி. முதல்ல ஒரு சாம்பிள் வாங்கி ரெண்டு தடவை துவைச்சுப் பாரு, சுருங்கினா வேணாம்னு சொல்லிடு. மஞ்சள் வேட்டிக்கும் இப்பவே சொல்லி வை, தைப்பூசம் நெருங்கினா துணி கிடைக்கிறது கஷ்டம்.