எக்ஸ்ட்ராக்ட்: சாறா, ஊறலா, இறக்கமா?

புதுவையிலிருந்து:

வணக்கம். நிலவேம்பை மலேரியா ஒட்டுண்ணிமீது சோதிக்கும் செய்முறைக் குறிப்பு ஒன்றில் எக்ஸ்ட்ராக்டுக்கு, அதாவது மூலிகையிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுப்பதற்கு, ‘சாறு’ என்று போட்டிருக்கிறது. சாறு என்றால் பச்சிலையை இடித்துப் பிழிவது. இங்கே நிழலில் உலர்த்திய 100 கிராம் தூளை ஒரு லிட்டர் மெத்தனாலில் மூன்று நாள் போட்டு, வடிகட்டி, 40 டிகிரிக்கு மேல் போகாமல் ஆவியாக்குகிறோம். மிஞ்சுவது குடுவையில் ஒட்டும் கரும்பச்சைப் பிசின். சோதனைத் தட்டின் ஒரு குழிக்கு 10 மைக்ரோகிராம் என்றால் அந்தப் பிசினின் எடை. சாறு என்று படிப்பவர் இலைக்கணக்குப் போட்டுவிடுவார். ‘ஊறல்’ சரிவருமா?

கடலூரிலிருந்து:

ஊறல் வேண்டாம் ஐயா. நம் பக்கத்து நாளிதழ்களில் ஊறல் என்றால் போலீஸ் கொட்டி அழிப்பது! கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பத் தூளின் வழியே விடும் சாக்ஸ்லெட் கருவியில் எடுத்தால் அந்தப் பெயர் பொருந்தவும் செய்யாது. ‘இறக்கம்’ எப்படி? டிகாஷன் இறக்குகிறோம், தைலம் இறக்குகிறோம். மெத்தனால் இறக்கம், நீரிறக்கம் என்று பிரிக்கலாம்; வினைச்சொல்லும் கூடவே வருகிறது.

சாற்றை ஒழித்துவிடவும் வேண்டாம். 4ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கே ஹோங் காய்ச்சலுக்குச் சொன்னது, சிங்ஹாவோ என்ற மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்க. அது சாறுதான். அங்கே காய்ச்சும் பேச்சே இல்லை, சூடு மருந்தைக் கெடுக்கலாம் என்பது பட்டுத்தான் சீன ஆய்வாளர் தூ யோயோ 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 1971இல் எலி மலேரியாவை அடக்கியது அந்த ஈதர் இறக்கம். குடிநீர் (கஷாயம்), சாறு, இறக்கம் மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் இதை எப்படி எழுதுவது?

புதுவையிலிருந்து:

‘இறக்கத்தால் ஒட்டுண்ணி இறக்கம் 60 விழுக்காடு’ என்று வந்தால்? ‘சத்து’ என்று வைத்தால் குழப்பமில்லையே.

கடலூரிலிருந்து:

ஒட்டுண்ணிக்குக் ‘குறைவு’ போதும். சத்து என்றால் சோதிக்கும் முன்பே நல்லது என்று தீர்ப்பெழுதியதாகும். சோப்புபோல நுரைக்கும் சாப்போனின் என்ற தாவரப் பொருள் இருந்தால் சிவப்பணுவே உடைந்து, வீடிழந்த ஒட்டுண்ணி சாகும். தட்டில் பார்த்தால் மருந்து கேட்டதுபோல இருக்கும். ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுவிலும் அதே அளவு போட்டுச் சுழற்றி, மேல்நீர் சிவக்கிறதா பாருங்கள். பிசினைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் மட்டும் போட்ட குழியும் வேண்டும். குழியில் டிஎம்எஸ்ஓ 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென்றால், மில்லிக்கு 10 மில்லிகிராம் கரைசலை 200 மடங்கு நீர்த்து, உச்ச அளவாக மில்லிக்கு 50 மைக்ரோகிராமில்தான் தொடங்க முடியும்.

புதுவையிலிருந்து:

சரி, அட்டவணையில் ‘மெத்தனால் இறக்கம், உலர் எடை’ என்று மாற்றிவிடுகிறேன். சுத்திகரிக்காதது என்ற பொருளில் வரும் ‘க்ரூடு’க்கும் யாராவது ஒரு சொல் தாருங்கள். ‘பச்சை’ மட்டும் வேண்டாம், பிசினின் நிறத்தைச் சொல்வதாக நினைப்பார்கள்.