சளி பிடித்த கைக்குழந்தைக்குக் கற்பூர எண்ணெய் தடவலாமா?

பேட்டை மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு எட்டு மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் இங்கேயும் காற்று மாறிவிடும், அவனுக்கும் சளி பிடித்துவிட்டது. காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறான், ராத்திரியில்தான் மூக்கடைத்துக்கொண்டு அழுகிறான். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துக் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தடவணும் என்கிறார்கள் அத்தை. பெங்களூரில் இருக்கும் நாத்தனார் ஒரு சீசா யூகலிப்டஸ் எண்ணெயும், அதை அறை முழுக்கப் பரப்புகிற டிஃப்யூசரும் அனுப்பியிருக்கிறார். ரெண்டு பேரும் ‘இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது’ என்கிறார்கள். எதைச் செய்யட்டும்?

பொதிகைக்காரன்:
தாயி, அத்தை சொல்வதைக் கேளுங்கள். டிஃப்யூசர் எல்லாம் நேற்று வந்தது. கற்பூர எண்ணெய் எங்கள் ஆச்சி காலத்துக்கும் முந்தியது, நானும் என் பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தோம். கூடவே துளசிச் சாற்றில் ரெண்டு சொட்டுத் தேன் கலந்து நாக்கில் தடவுங்கள். பாபநாசத்துக்கு மேலே காணிக்காரப் பழங்குடிகள் மூலிகையை நம்பித்தான் தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்கிறார்கள். சளிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் நாம் தாமிரபரணித் தண்ணி குடித்து என்ன பிரயோஜனம்?

அம்பை சிஸ்டர்:
தங்கச்சி, கற்பூரமும் வேண்டாம், யூகலிப்டஸும் வேண்டாம், தேனும் வேண்டாம். மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். பிள்ளையின் தோல் மெல்லியது, கல்லீரலும் இன்னும் முழுதாகத் தேறவில்லை. உள்ளே போன கற்பூரம் நேராக நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பைக் கொண்டுவரும். ஒரு கிராம் அளவு விழுங்கியே ஒரு வயதுப் பிள்ளைகள் இறந்ததாக மருத்துவ நூல்களில் இருக்கிறது. நெஞ்சில் தடவினால் பிள்ளை கையால் தேய்த்து அதே கையை வாயில் வைக்கும், அதை யார் தடுப்பது? அமெரிக்காவில் 1983-இலேயே, மருந்துப் பொருள்களில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்துவிட்டார்கள். வீட்டில் கரைக்கும்போது எத்தனை சதவீதம் என்று யாருக்குத் தெரியும்? கடையில் வாங்கும் தைல டப்பியைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு வயதுக்குக் கீழ் தடவாதீர்கள் என்று பலவற்றில் போட்டிருக்கும்.

யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல் என்கிற வேதிப்பொருள். சின்னப் பிள்ளை வயிற்றுக்குள் ஒரு டீஸ்பூன் போனாலே மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் வரலாம். அந்தச் சீசாவைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசையெல்லாம் தளர்ந்து பிள்ளை பால் குடிக்கவே முடியாமல் போகும்.

பொதிகைக்காரன்:
சிஸ்டர், நீங்கள் பயமுறுத்துகிறீர்கள். கற்பூர எண்ணெய் தடவி ஊரில் எத்தனை பிள்ளை செத்துப்போனது? 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் இறந்தது எதனால்? கலப்பட இருமல் சிரப் குடித்து! அது எந்த ஆச்சி கொடுத்த மருந்து? இங்கிலீஷ் மருந்துக்கு ஒரு நியாயம், மூலிகைக்கு ஒரு நியாயமா?

அம்பை சிஸ்டர்:
அண்ணாச்சி, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதனால்தான் இருமல் சிரப் கொடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. இரண்டு வயதுக்குக் கீழ் அதுவும் கூடாது. சிரப்பில் விஷம் இருந்தது என்பதால் கற்பூரம் நல்லதாகிவிடுமா? ரெண்டையும் ஒரே தராசில்தான் வைக்கிறேன்.

வள்ளியூர் வாசனை:
டிஃப்யூசரை ஏன் எல்லாரும் வில்லனாக்குகிறீர்கள்? நான் வீட்டில் லாவெண்டர் போடுகிறேன், நன்றாகத் தூக்கம் வருகிறது. நாமே நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பவர்கள்தானே? இலையில் இருக்கும் அதே எண்ணெய்தான் சீசாவிலும் இருக்கிறது.

பாளை சித்தா:
நான் சித்த மருத்துவம் படித்தவன், அதனால் ரெண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வள்ளியூர் நண்பரே, நொச்சி இலையும் சீசா எண்ணெயும் ஒன்றல்ல. கைப்பிடி இலையைக் கொதிநீரில் போட்டால் வருவது கொஞ்சம் வாசனை. ஒரு சின்னச் சீசாவை நிரப்ப மூட்டை மூட்டையாக இலையைக் காய்ச்சி வடிக்க வேண்டும். நம் வைத்தியத்தில் இத்தனை செறிவான சாரத்தைத் தினமும் மூடிய அறையில் மணிக்கணக்காக இழுக்கும் பழக்கம் கிடையாது. பெரியவர்கள் நீங்கள் அரைமணி நேரம் சன்னலைத் திறந்துவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. வீட்டில் ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் வேண்டாம். தோலில் பூசுவதாக இருந்தால் பத்து மில்லி தேங்காய் எண்ணெய்க்கு நாலு சொட்டு போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தொட்டுவைத்து ஒரு நாள் பாருங்கள். எலுமிச்சைத் தோல் எண்ணெயைப் பூசிக்கொண்டு நம்மூர் வெயிலில் இறங்கினால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும். உள்ளுக்குக் குடிக்கிற பேச்சே வேண்டாம்.

இனி பொதிகை ஐயாவுக்கு. பாட்டி வைத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அதன் பாதியை விட்டுவிடுகிறீர்கள். உரை மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசம்பை ஆச்சி அப்படியேவா உரசுவாள்? விளக்குச் சுடரில் காட்டி, வெளியெல்லாம் கரியாகும்வரை சுட்டு, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு ஒரு சுற்றோ ரெண்டு சுற்றோ உரசி, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பாள். சுடுவது நஞ்சைப் போக்கும் சுத்தி முறை, சுற்று என்பது அளவு. இன்றைக்குப் பொட்டலத்தில் வசம்புப் பொடி வாங்கிக் கரண்டியால் கலக்கிக் கொடுக்கிறார்கள். வசம்பில் பீட்டா அசரோன் என்கிற வேதிப்பொருள் இருக்கிறது, விலங்குகளில் புற்று உண்டாக்கியதால் 1968-இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. அதனால் இன்று ஆச்சி முறைப்படி கூட நான் யாருக்கும் சொல்வதில்லை. பிள்ளை தூங்கட்டும் என்று ஜாதிக்காயைக் கூடுதலாக ரெண்டு சுற்று உரசுகிறவர்களும் உண்டு. அந்தத் தூக்கம் மயக்கம்.

பொதிகைக்காரன்:
தம்பி, நீ படித்த பிள்ளை, உன் பேச்சை மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதையும் செய்யாதே அதையும் செய்யாதே என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அடுத்த தலைமுறைக்கு ஆடாதோடை எது, நொச்சி எது என்றே தெரியாமல் போகுமே? என் பேத்திக்குத் தூதுவளை முள் குத்தியதே இல்லை. பயந்து பயந்தே கைமருந்து அழிந்துவிடும்.

பாளை சித்தா:
அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது ஐயா. பேத்திக்குச் செடியைக் காட்டுங்கள், காட்டும்போதே ஆடுதின்னாப்பாளையையும் காட்டுங்கள். புழுவுக்கு நல்லது என்று இன்னும் கொடுக்கிறார்கள். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றையும் கொண்டுவரும். ஆடே ஒதுக்கிய இலையை நாம் ஏன் தின்ன வேண்டும்?

களக்காட்டு விவசாயி:
நடுவில் ஒரு சந்தேகம். நான் மலச்சிக்கலுக்கு நிலாவாரைப் பொடி தினமும் ராத்திரி போடுகிறேன். நம்ம மாவட்டத்துச் சரக்கு, வெளிநாட்டு மருந்து நூல்களிலேயே திருநெல்வேலி பெயரில்தான் இருக்கிறது. இதிலும் குறை சொல்வீர்களா? பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

அம்பை சிஸ்டர்:
நல்ல சரக்குதான் அண்ணாச்சி, அதனால்தான் உலகமே வாங்குகிறது. ஆனால் அதே மருந்து நூல்களில் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தொடராதே என்றும் இருக்கிறது. விருந்தும் மருந்தும் மூணு நாள் என்று நம்மவர்களே சொல்லியிருக்கிறார்கள். தினமும் போட்டால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் வகை இருந்தால் இன்னும் இறங்கும், இதயத் துடிப்பே தாளம் தப்பலாம். மாத்திரை அட்டையையும் பொடிப் பொட்டலத்தையும் சேர்த்தே டாக்டரிடம் காட்டுங்கள். நிலவேம்புக் குடிநீருக்கும் இதே பேச்சுதான். அது சர்க்கரையையும் பிரஷரையும் இறக்கும், ஏற்கெனவே அதற்கு மாத்திரை போடுகிறவர் தன் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது.

வள்ளியூர் வாசனை:
சரி, செறிவு வித்தியாசம் புரிகிறது. ஆனால் நல்ல எண்ணெயை எப்படிக் கண்டுபிடிப்பது? அருவிக்கரைக் கடைகளில் எல்லாமே ‘நூறு சதவீதம் சுத்தம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

பாளை சித்தா:
அந்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். செடியின் தாவரவியல் பெயர், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், காலாவதி தேதி இருக்கிறதா? மருந்து என்று விற்றால் உரிம எண்ணும் இருக்க வேண்டும். சித்த மருந்துத் தயாரிப்பும் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள்தான் வருகிறது. சந்தன எண்ணெயை மலிவு விலைக்கு யாராவது கொடுத்தால் அது சந்தனம் இல்லை.

பேட்டை மருமகள்:
எண்ணெயும் வேண்டாம், தேனும் வேண்டாம் என்றால் ராத்திரி அழுகிற பிள்ளைக்கு என்னதான் செய்வது? அத்தையிடம் வெறுங்கையோடு போய் நிற்க முடியாது. குளிப்பாட்டிவிட்டு மூக்கில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடலாமா என்று வேறு கேட்கிறார்கள்.

அம்பை சிஸ்டர்:
மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. அது நழுவி நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வராது, நிமோனியாவாக மாறும். மெந்தால் கலந்த எதையும் மூக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கைக்குழந்தைக்குச் சட்டென்று மூச்சே நின்றுவிடலாம்.

மெடிக்கலில் மூக்குக்கான உப்புத் தண்ணீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு மூக்கிலும் ஒரு சொட்டு விட்டு, இளகி வந்ததைத் துணியால் துடையுங்கள். அடிக்கடி பால் கொடுங்கள். கொதிநீர்ப் பானையைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதில் வெந்துபோகும் பிள்ளைகள் அதிகம். அத்தைக்கு உடம்பு பிடித்துவிட ஆசை என்றால் கற்பூரம் போடாத வெறும் தேங்காய் எண்ணெயை இளஞ்சூட்டில் கை காலுக்குத் தடவட்டும், பிள்ளைக்கும் சுகமாக இருக்கும்.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஐம்பதோ அதற்கு மேலோ வந்தாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பொதிகைக்காரன்:
தேன் விஷயம் எனக்குப் புதுசு, அதை விட்டுவிடுகிறேன். கற்பூரத்தைப் பற்றி எங்கள் ஊர் வைத்தியரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாளை சித்தா:
கேளுங்கள் ஐயா. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே வெளிநோயாளிப் பிரிவிலும் கேளுங்கள். எட்டு மாதப் பிள்ளை என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

பேட்டை மருமகள்:
மூச்சு எண்ணினேன், முப்பத்தாறு வந்தது. குழி எதுவும் விழவில்லை. சொட்டு மருந்து வாங்க அவரை அனுப்பியிருக்கிறேன். சிஸ்டர் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், வெறும் எண்ணெய் தடவ ஒத்துக்கொண்டார்கள். யூகலிப்டஸ் சீசா இப்போது பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. நாத்தனாருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.