கணினி வளர்ந்ததைப் பரிணாமம் என்று சொல்லலாமா?

கேள்வி: கணினி சிப்பை மனிதன் உட்கார்ந்து யோசித்து வடிவமைக்கிறான், இயற்கைக்கு அப்படி ஒரு திட்டமே கிடையாது, அப்புறம் எப்படி இரண்டும் ஒன்றாகும்?

பதில் 1: திட்டம் இருந்தும் பழசைத் தூக்கிப்போட முடிவதில்லையே, ஒற்றுமை அங்கேதான். விண்டோஸில் ஏன் சி டிரைவ்? ஏ, பி இரண்டும் ஃபிளாப்பி என்ற பழைய சேமிப்பு வட்டுக்கு ஒதுக்கியவை. ஃபிளாப்பி போயே போய்விட்டது, எழுத்து மட்டும் மிச்சம். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளை நரம்பும் இதே கதைதான், பழைய பாதையை விட முடியாமல் மூளையிலிருந்து இதயத்தருகே வரை இறங்கி, ஒரு வளைவு போட்டு, மறுபடி கழுத்து முழுக்க ஏறி வருகிறது.

பதில் 2: சரி, ஆனால் ஒட்டகச்சிவிங்கி வௌவாலிடம் சிறகைக் கடன் வாங்க முடியாது. கேமுக்காக வந்த ஜிபியூ என்ற படம் காட்டும் சிப்பை ஏஐக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்களே!

பதில் 3: ஒன்றுக்காக வந்தது வேறொன்றுக்கு உதவுவது இயற்கையிலும் உண்டு, இறகுகூட முதலில் பறப்பதற்காக வந்ததில்லை. கடனா? பாக்டீரியாவைப் பாருங்கள், மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்திலிருப்பதற்கே கொடுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்: யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் மாதிரி, பாக்டீரியா ஓப்பன் சோர்ஸ் என்கிறீர்கள் :)