பொருள்: ஃபோண்டூவுக்குத் தமிழ்? திங்களுக்குள் வேண்டும்

கிருஷ்ணகிரி:
நண்பர்களே, உணவகத் தொழில் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம் மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஃபோண்டூ’வில் நின்றுவிட்டேன். சுவிஸ் வீடுகளில் நண்பர்கள் கூடினால், பூண்டு தேய்த்த சட்டியில் வெள்ளை ஒயின் ஊற்றி, குருயேர் சீஸைத் துருவிப்போட்டு உருக்கி, மேசை நடுவே சிறு அடுப்பில் வைப்பார்கள். நீள முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, எல்லாரும் அதே சட்டியில் தோய்த்துத் தின்பார்கள். ‘உருக்குச் சீஸ்’ எனப் போடலாமா?

ஓசூர்:
உருக்கு என்றால் ஸ்டீல் சார். பிள்ளைகளுக்குச் சேலம் உருக்காலைதான் ஞாபகம் வரும். பிரெஞ்சு மூலச்சொல்லுக்கு ‘உருகியது’ என்று பொருள். ‘உருகுபாற்கட்டி’ போதும்.

ஊத்தங்கரை:
வினைத்தொகை, சரி. நடுவே ‘ப்’ போட்டுவிடாதீர்கள். ஆனால் பால்பொருளைச் சுட்டும் ‘அளை’ என்ற பழஞ்சொல் இருக்கப் பாற்கட்டி எதற்கு? பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் அளை விற்றுத்தான் சுற்றத்தை உண்பிக்கிறாள். உருகு + அளை = உருகளை. அளைதல் என்றால் துழாவுதலும் ஆகும். ‘சிறுகை அளாவிய கூழ்’ நினைவில்லையா? நண்பர் கூடி அளவளாவுவதையும் இதோடு சேர்ப்பேன்.

பாலக்கோடு:
ஐயா, அவள் விற்பது மோர். ‘உருகளை’யை என் கைப்பேசி ‘உருளை’ ஆக்கிவிட்டது. ஃபோண்டூவில் உருளைக்கிழங்கையும் தோய்ப்பார்களே, மாணவர் பாடு திண்டாட்டம்தான்! இன்னொன்று: ராக்லெட்டும் உருகிய சீஸ்தான், சுரண்டித் தட்டில் போடுவது. ஆகவே உருகுவது அடையாளமில்லை, தோய்ப்பதுதான். நாம் ராகிக் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்ப்பதில்லையா? ‘தோய்சீஸ்’ என்று வையுங்கள்.

ஊத்தங்கரை:
தோய்தயிர் என்றால் உறைந்த தயிர். உறைந்ததற்கும் உருகியதற்கும் ஒரே சொல்லா அம்மா? முதலில் ராகியைக் கேழ்வரகு என்று எழுதுங்கள்.

பாலக்கோடு:
தருமபுரிச் சந்தையில் ராகி என்றுதான் கேட்டு வாங்குகிறேன்.

ஓசூர்:
கன்னடத்திலும் ராகிதான். எங்களுக்கு எல்லை தாண்டினாலும் வசதி.

தருமபுரி:
களியை விடுங்கள். சீஸை வெறுமனே உருக்கினால் நெய் பிரிந்து திரிதிரியாகிவிடும். ஒயினின் புளிப்பும் கொஞ்சம் மக்காச்சோள மாவும்தான் கூழாகச் சேர்த்து வைக்கின்றன. ‘உருகு’ பாதிதான் சரி. ‘ஃபோண்டூ’ என்றே எழுதி ஒரு வரி விளக்கம் தாருங்கள். சட்டிக்குக் ‘காக்கலோன்’ என்று வேறு பெயர் உண்டு. அதையும் கிளப்பினால் திங்கள் போய்விடும்.

கிருஷ்ணகிரி:
ஓசூரும் பாலக்கோடும் தனிமடலில் இதற்கே சம்மதித்துவிட்டார்கள். ‘ஃபோண்டூ: பலர் சேர்ந்து தோய்த்துண்ணும் பாற்கட்டிக் கூழ்’ என்று அனுப்புகிறேன்.

ஊத்தங்கரை:
அனுப்புங்கள். என் அகராதிக் குறிப்பில் உருகளைதான். ‘காக்கலோன்’ பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.