பார்டர் பரோட்டா: கூட்டம் கம்மியான கடை எது?

மக்களே, ஒரு உதவி. வர்ற ஞாயித்துக்கிழமை திருப்பூர்ல இருந்து மச்சான் குடும்பம் குற்றாலத்துக்கு வருது, ஒன்பது பேர். அருவியில குளிச்சிட்டு நேரா செங்கோட்டை பக்கத்துல இருக்கிற பிரானூர் பார்டர்ல பரோட்டா சாப்பிடணும்னு ஒத்தக்கால்ல நிக்காங்க. (1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்தப்ப வந்த பேரு. எல்லை புளியரைக்குப் போன பிறகும் பார்டர்ங்கிற பேரு மட்டும் போகல.)

போன சீசன்ல ஒரு கடையில முக்கால் மணி நேரம் நின்னோம். கடைசியில கிடைச்ச பரோட்டா ஆறிப்போய் வார் மாதிரி இழுத்துச்சு. சால்னா மட்டும் குறை சொல்ல முடியாது. இலையில பிச்சுப் போட்டதும், மிளகு வாசத்தோட, போதும் போதும்னாலும் ஊத்திக்கிட்டே இருந்தாரு அந்த அண்ணன். விலை கேக்காம நாட்டுக்கோழி சொல்லிட்டு பில்லைப் பாத்து முழிச்சது தனிக்கதை.

அதனால, சுடச்சுட போடுற, விலைப் பட்டியல் ஒட்டியிருக்கிற கடை இருந்தா சொல்லுங்க. அத்தை சுத்த சைவம், அவங்களுக்குப் பக்கத்துலயே ஒரு இட்லிக்கடையும் வேணும்.

மறுநாள் தென்மலை போறோம். ஆரியங்காவு ரோட்டுல காலையில புட்டு, கடலைக்கறி எங்க நல்லா இருக்கும்? சாப்பிட்டவங்க மட்டும் சொல்லுங்க, ரீல்ஸ் பாத்தவங்க வேண்டாம்.